உள்ளே விடும் அளவுக்கு நோய்

திங்கட்கிழமை காலைகளில் எங்கள் ஆஸ்பத்திரியின் எமர்ஜென்சி காத்திருப்புக் கூடத்தில் ஓர் அம்மாள் வாழைப்பழம் தின்றுகொண்டிருப்பார். இதில் என்ன அதிசயம் என்று கேட்பீர்கள். அமெரிக்காவில் காத்திருக்கும் இடமெல்லாம் தின்னும் இடம்தான். சிப்ஸ் பாக்கெட்டின் சரசரப்புக் கேட்காத கூடத்தை நான் இங்கே பார்த்ததில்லை. ஆனால் இந்த அம்மாள் பசிக்குத் தின்கிற மாதிரி இல்லை. கசப்பு மருந்து குடிக்கும் பிள்ளைபோலக் கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை முடிப்பார், கொஞ்சம் இளைப்பாறுவார், அடுத்ததை உரிப்பார். பக்கத்தில் இருக்கும் கணவர் ஆரஞ்சு ஜூஸ் பாட்டிலைத் திறந்து நீட்டுவார். முதல் தடவை பார்த்தபோதே அந்த அம்மாளின் இடது முன்கையில் தோலுக்கடியில் தடித்துப் புடைத்திருந்த ரத்தக்குழாய் என் கண்ணில் பட்டது. டயாலிசிஸ் ஊசி குத்துவதற்காக ஆபரேஷன் செய்த கை. என் அண்ணன் கையிலும் அதே புடைப்பு இருக்கிறது. சிறுநீரகம் செத்துப்போனவர்களுக்கு வாழைப்பழமும் ஆரஞ்சும் ஆகவே ஆகாது. அதிலுள்ள பொட்டாசியம் வெளியேற வழியில்லாமல் ரத்தத்தில் ஏறி இதயத்தை நிறுத்திவிடும். பாவம், யாரும் சொல்லித் தரவில்லை போலிருக்கிறது என்று நினைத்தேன். என்னோடு வந்திருந்த மாணவிகளுக்கு அவரைக் கண்ணால் காட்டவும் செய்தேன்.

நான் வல்லத்திராக்கோட்டைக்காரி. புதுக்கோட்டையில் நர்சிங் படித்துவிட்டு, குவைத்தில் சில வருஷம் குப்பை கொட்டிவிட்டு, அமெரிக்காவுக்கு வந்தேன். வடக்கே ஒரு மாநிலத்தில் வார்டு நர்ஸாக இருந்தவள், தெற்கே இந்த ஊருக்கு மாறி வந்து அப்போது அதிக நாள் ஆகியிருக்கவில்லை. இங்கே ஒரு கல்லூரியில் நர்சிங் மாணவிகளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய்ப் பயிற்சி தரும் வேலை. அதிலும் எனக்குக் கொடுத்தது ஒரு தனிப் பாடம். மெக்சிகோ, குவாத்தமாலா, ஹோண்டுராஸ் என்று தெற்கேயிருந்து பிழைக்க வந்து ஸ்பானிஷ் பேசும் குடும்பங்களை இங்கே ஹிஸ்பானிக் என்பார்கள். கூரை போடுவது, கோழிப் பண்ணையில் அறுப்பது, மோட்டல் அறை துடைப்பது எல்லாம் அவர்கள்தான். அந்தக் குடும்பங்கள் வைத்தியம் பெற எப்படித் துணை நிற்பது என்று மாணவிகளுக்குச் சொல்லித் தர வேண்டும். மொழிபெயர்ப்பாளரைக் கூப்பிடு, பள்ளிக்கூடப் பிள்ளையை மொழிபெயர்க்க வைக்காதே, நோயாளியின் முகத்தைப் பார்த்துப் பேசு என்று ஆரம்பித்துப் பாடம் நீண்டுகொண்டே போகும்.

இதற்கு ஒரு தமிழச்சி எதற்கு என்று எனக்கே தோன்றியதுண்டு. ஆனால் அந்தக் குடும்பங்களுக்கு என் முகம் போதுமானதாக இருந்தது. என்னைப் பார்த்ததும் தங்கள் ஊர்க்காரி என்றே முடிவு கட்டி, மூச்சு விடாமல் ஸ்பானிஷில் பொரிந்து தள்ளுவார்கள். எனக்குத் தெரிந்த அரைகுறை ஸ்பானிஷில் நான் இந்தியாக்காரி என்பேன். சிலர் அதைக் கேட்டுச் சிரித்துவிட்டு, அதே வேகத்தில் தொடர்வார்கள். எதைக் கேட்டாலும் 'சி, சி' என்று தலையாட்டுவார்கள்; ஆமாம், ஆமாம் என்று அர்த்தம். என் மாணவிகள் அதை நம்பி, நோயாளிக்குப் புரிந்துவிட்டது என்று எழுதி வைப்பார்கள். நான் விடமாட்டேன். புதுக்கோட்டையில் டாக்டர் முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்று 'சரிங்க, சரிங்க' என்ற சனத்தைப் பார்த்து வளர்ந்தவள் நான். அந்தச் சரிங்க என்பது மரியாதை. அதற்குமேல் அதில் ஒன்றும் கிடையாது. புரிந்ததா என்று கேட்காதே, சொன்னதைத் திரும்பச் சொல்லச் சொல், வீட்டில் போய் என்ன சமைப்பாய் என்று கேள் என்று மாணவிகளைப் பிடுங்கி எடுப்பேன்.

வாழைப்பழ அம்மாளின் பெயர் ஒஃபேலியா. குவாத்தமாலாவில் ஏதோ மலைக் கிராமம். இருபது வருஷமாக இங்கே மோட்டலில் படுக்கை விரிக்கிறவர். கணவர் எமிலியோ கூரை வேலை. இரண்டு பிள்ளைகளும் இங்கே பிறந்தவர்கள். கணவன் மனைவி இருவருக்கும் இந்த நாட்டில் இருப்பதற்கான காகிதம் கிடையாது. ஊருக்குத் திரும்பினால் பிள்ளைகளிடம் மறுபடி வர முடியாது. இதெல்லாம் என் மாணவி யெசேனியா மூலம் தெரிந்தது. யெசேனியாவின் பெற்றோர் ஹோண்டுராஸ்காரர்கள். அவள் இங்கே பிறந்தவள், ஸ்பானிஷ் தண்ணீர்பட்ட பாடு. ஒஃபேலியாவுக்குச் சாப்பாட்டு முறை சொல்லித் தரும் பொறுப்பை அவளிடம் கொடுத்தேன். படம் ஒட்டிய அட்டைகளைத் தயார் செய்துகொண்டு அந்தக் குடும்பத்தின் டிரெய்லர் வீட்டுக்கே போய் வந்தாள். இரண்டு தடவை நானும் போனேன். உருளைக்கிழங்கை நறுக்கி ஊறவைத்துத் தண்ணீரை மாற்று, பீன்ஸைக் குறை, தக்காளியை விடு, வாழைப்பழத்தைத் தொடாதே, தண்ணீரை இந்தக் கப்பால் மட்டும் குடி. ஒஃபேலியா எங்களுக்கு நாற்காலி போட்டுவிட்டுத் தான் நின்றுகொண்டே கேட்டார். 'சி, மாயெஸ்த்ரா' என்றார். டீச்சரம்மா என்கிற மாதிரி. திரும்பச் சொல்லச் சொன்னபோது ஒன்று விடாமல் ஒப்பித்தார். வாழைப்பழம் என்று வந்தபோது மட்டும் கணவரை ஒரு பார்வை பார்த்தார். கணவர் தரையைப் பார்த்தார். அதை நான் பார்த்தேன். ஆசைப்பட்ட பழத்தை விட மனமில்லை என்று எடுத்துக்கொண்டேன்.

அந்த நேரத்தில் எனக்கு ஊரிலிருந்தும் இதே கவலை. அண்ணனுக்குச் சிறுநீரகம் போன விஷயமே எனக்குத் தாமதமாகத்தான் தெரியும். எங்கள் பக்கத்தில் அது ஒரு வழக்கம். அறந்தாங்கிப் பக்கம் வீட்டுக்கு ஒருவர் வெளிநாட்டில் இருப்பார். நோய் என்று சொன்னால் போட்டது போட்டபடி ஓடி வந்துவிடுவார், வேலை போய்விடும் என்று வாயைத் திறக்க மாட்டார்கள். கையில் ஆபரேஷன் முடிந்து, புதுக்கோட்டை அரசு ஆஸ்பத்திரியில் வாரம் மூன்று தடவை டயாலிசிஸ் என்று ஏற்பாடான பிறகுதான் மதினி சொன்னது. காப்பீட்டு அட்டையைக் காட்டினால் இலவசம். பஸ் ஏறிப் போய்ப் படுத்துவிட்டு, மதியத்துக்கு மேல் திரும்பி வர வேண்டியதுதான். நோயாளியைப் பார்க்க வெறுங்கையோடு போகக் கூடாது என்று சொந்தக்காரர்கள் சாத்துக்குடியும் இளநீருமாகக் கொண்டுவந்து குவிக்க, நான் இங்கிருந்து ஒவ்வொருவருக்காகப் போன் போட்டுத் திட்டினேன். இரண்டு அத்தைகள் இன்னும் என்னோடு பேசுவதில்லை. அதைவிடப் பெரிய தொல்லை, அண்ணன் ஒழுங்காகப் போகவில்லை. கடலைக்குத் தண்ணீர் பாய்ச்ச வேண்டும், கரண்ட் காலையில்தான் வருகிறது என்று வாரத்தில் ஒரு நாளை விழுங்கிவிடுவார். உண்மைக் காரணம் அது இல்லை. தங்கச்சி அமெரிக்காவில் இருக்கிறாள், ஒரு தடவை அங்கே போய்க் காட்டிவிட்டால் இந்த ஊசி, மிஷின் எல்லாம் தேவைப்படாது என்று அவர் மனதில் ஓர் எண்ணம். இதெல்லாம் அதுவரைக்கும்தானே என்று இருந்தார்.

எங்கள் பாடம் நன்றாகவே வேலை செய்தது. சில வாரத்தில் ஒஃபேலியாவின் கால் வீக்கம் வடிந்தது. தட்டில் என்ன வைத்திருக்கிறார் என்று தினமும் போட்டோ எடுத்து யெசேனியாவுக்கு அனுப்புவார். அவள் அதை வகுப்பில் எல்லோருக்கும் காட்டுவாள். ஒரு திங்கட்கிழமை அந்த அம்மாள் எமர்ஜென்சிக்குள் போன வேகத்திலேயே வெளியே வந்தார். ரத்தம் பார்த்தார்கள், இதயத்துக்கு ஈ.சி.ஜி எடுத்தார்கள், எல்லாம் பரவாயில்லை, வீட்டுக்குப் போங்கள், மோசமானால் வாருங்கள் என்று சொல்லிவிட்டார்களாம். போன வாரத்துக்குப் பிறகு டயாலிசிஸே நடக்கவில்லையே என்று நான் உள்ளே ஓடினேன். அங்கே இருந்த நர்ஸ் எனக்குப் பொறுமையாக விளக்கினாள். காகிதம் இல்லாதவர்களுக்கு இந்த மாநிலத்தில் முறை வைத்து டயாலிசிஸ் கிடையாது. உயிருக்கு ஆபத்து என்றால் மட்டும் செய்வார்கள். ஆபத்து என்றால் பொட்டாசியம் ஓர் அளவைத் தாண்டியிருக்க வேண்டும், அல்லது நுரையீரலில் நீர் கோத்து மூச்சு திணற வேண்டும். அந்த அளவைத் தொடாதவர்கள் தொடும் வரை காத்திருக்க வேண்டும். எல்லா மாநிலத்திலும் இப்படி இல்லை. நான் முன்னால் இருந்த இடத்தில் எல்லோருக்கும் வாரம் மூன்று நாள் உண்டு. அதனால்தான் எனக்கு இது தெரியாமல் இருந்தது; பழம் தின்று கெடுத்துக்கொண்டுதான் எமர்ஜென்சிக்கு வருகிறார் என்றே நினைத்திருந்தேன்.

கூடத்துக்குத் திரும்பினேன். யெசேனியா எமிலியோவின் முன்னால் நின்றுகொண்டிருந்தாள். அவர் கோபப்படவில்லை. தொப்பியைக் கையில் வைத்துத் திருகிக்கொண்டே, ஏதோ தன் தப்புக்கு மன்னிப்புக் கேட்கிறவர் மாதிரி மெதுவாகச் சொன்னார். "முன்பெல்லாம் திங்கட்கிழமை உள்ளே எடுத்துக்கொள்வார்கள். பழம் சாப்பிட்டுவிட்டு வந்தால் எடுத்துக்கொள்வார்கள்." அவள் மொழிபெயர்க்க வேண்டியதே இல்லை. அவ்வளவு ஸ்பானிஷ் எனக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை இரவு மூச்சு முட்ட முட்டத் தண்ணீர் குடித்து, காலையில் வாழைப்பழமும் ஆரஞ்சும் தின்று, சாவுக்குப் பக்கத்தில் போய் நின்று காட்டி, அப்புறம் உள்ளே போய்ப் படுப்பது. மூன்று வருஷமாக ஒவ்வொரு வாரமும் இதைத்தான் செய்திருக்கிறார்கள். மோட்டலில் கூட வேலை பார்த்த ஒருத்தி சொல்லிக் கொடுத்த முறை. பயமாக இருக்காதா என்று யெசேனியா கேட்டாள். தின்னும்போது இருக்கும், உள்ளே கூப்பிட்டுவிட்டால் இருக்காது என்றார் ஒஃபேலியா.

அப்புறம் ஏன் எங்கள் பேச்சைக் கேட்டீர்கள் என்றும் அவள் கேட்டாள். அதற்கு அந்த அம்மாள் சொன்னதுதான் இன்றுவரை என் நெஞ்சை அறுக்கிறது. நீங்களும் ஆஸ்பத்திரியிலிருந்துதானே வந்தீர்கள், இனிமேல் பழம் வேண்டாம் என்று நீங்களே வீடு தேடி வந்து சொன்னால், உள்ளே இருப்பவர்களிடம் பேசி எல்லாம் ஏற்பாடு செய்துவிட்டீர்கள் என்றுதானே அர்த்தம் என்றார். கல்லூரி வேறு, ஆஸ்பத்திரி வேறு, எமர்ஜென்சி வேறு, மாநிலத்தின் சட்டம் வேறு என்பதெல்லாம் எங்கள் அடையாள அட்டையில் எழுதியிருக்கும். அதை யார் படிக்கிறார்கள்? எங்கள் ஊரிலும் வெள்ளைப் புடவையைக் கண்டால் ஆஸ்பத்திரிக்காரவுக வந்திருக்காக என்றுதான் சொல்வார்கள். அரசாங்கமே வீட்டுக்கு வந்துவிட்ட மாதிரி நினைப்பார்கள். எல்லாரும் ஒரே வீட்டுப் பிள்ளைகள், ஒருவரிடம் சொன்னால் மற்றவருக்குத் தெரிந்துவிடும் என்ற நம்பிக்கை. அந்த நம்பிக்கையைத் தெரிந்துகொள்ளத் தகுந்த ஆள் அந்தக் கல்லூரியில் நான் ஒருத்திதான். சரிங்க என்றால் என்ன என்று தெரிந்தவளுக்கு இது தெரிந்திருக்கவில்லை.

அன்று மதியமே போன் மேல் போன். ஒரு தரும அமைப்பில் முறை வைத்து டயாலிசிஸ் செய்ய இடம் தருவார்களா என்று விசாரித்தேன். காத்திருப்போர் வரிசை நீளம் என்றார்கள். சட்டம் படித்த ஒருவர் தனியார் இன்சூரன்ஸ் வாங்கிப் பார்க்கலாம் என்று ஒரு வழி சொன்னார். அதற்குச் சில வாரம் பிடிக்கும். எங்கள் துறைத் தலைவியிடம் போனேன். கருணையுள்ள பெண்மணிதான். என் கையைப் பிடித்துக்கொண்டு, மாணவிகள் சொல்லித் தந்தது சரியான பாடம், அதில் உறுதியாக இருங்கள், நம் வரம்பைத் தாண்ட வேண்டாம் என்றார். சரியான பாடம்தான். பரீட்சையில் முழு மதிப்பெண் கிடைக்கும். யெசேனியா என்னைத் தனியாகப் பிடித்து, திரும்பப் பழம் சாப்பிடச் சொல்லிவிடட்டுமா மிஸ் என்று கேட்டாள். சொல் என்று என்னால் சொல்ல முடியவில்லை. இரண்டு பழத்தில் உள்ளே விடுவார்கள், நான்காவது பழத்தில் இதயம் நிற்கும் என்று எந்தத் தராசில் நிறுத்துச் சொல்வது? மூச்சில் சின்ன வித்தியாசம் தெரிந்தாலும் உடனே வரச் சொல், வெட்கப்படாமல் நாலு தடவை வேண்டுமானாலும் வரச் சொல் என்றேன். அவள் அப்படியே சொன்னாள்.

அன்று அண்ணனுக்குப் போன் செய்து இந்தக் கதையைச் சொன்னேன். அமெரிக்காவில் ஒரு பொம்பளை மிஷினில் படுக்கப் படாத பாடு படுகிறாள், உனக்குப் பஸ் ஏறினால் கிடைக்கிறது, போய்த் தொலையேன் என்று கத்தினேன். அண்ணன் முழுவதையும் கேட்டுவிட்டு, போனை மதினியிடம் கொடுத்துவிட்டார். "வாழப்பழம் தின்னாத்தான் ஆஸ்பத்திரியில சேப்பாகளாம், அதும் அமெரிக்காவுல" என்றது மதினி. "இம்புட்டுக் கதை எதுக்குங்க? அண்ணனக் கூப்புட மனசில்லேன்னு சொல்லிட்டுப் போங்க. நாங்க ஒண்ணும் நெனச்சுக்கிற மாட்டோம்." நான் சத்தியம் செய்தேன். எது சொன்னாலும் எடுபடவில்லை. வெளிநாட்டிலிருந்து நல்லதைச் சொன்னால் நம்புவார்கள், கெட்டதைச் சொன்னால் தட்டிக் கழிக்கிறாள் என்பார்கள். நாங்கள் எல்லோருமே இத்தனை வருஷமாக நல்ல போட்டோக்களாக அனுப்பி வைத்ததன் பலன் அது.

ஒஃபேலியா புதன்கிழமை மறுபடி வந்தார். மறுபடி திருப்பி அனுப்பினார்கள். அளவு இன்னும் கொஞ்சம் கீழே இருந்தது. பழத்தைத் தின்றுவிடு என்று கணவர் கெஞ்சினாராம். மாயெஸ்த்ராக்கள் பேசிக்கொண்டிருக்கிறார்கள், நாம் அவசரப்பட்டுக் காரியத்தைக் கெடுக்கக் கூடாது என்று இவர் மறுத்துவிட்டாராம். வெள்ளிக்கிழமை மோட்டலுக்கு வேலைக்குப் போனார். அழுக்குத் துணி குவிக்கும் அறையில் விரிப்புகளின்மேல் விழுந்து கிடந்தவரைக் கூட வேலை பார்ப்பவள் பார்த்து ஆம்புலன்ஸைக் கூப்பிட்டாள். இந்தத் தடவை எமர்ஜென்சியில் யாரும் காத்திருக்கச் சொல்லவில்லை. கதவு தானாகத் திறந்தது, ஏழெட்டுப் பேர் ஓடி வந்தார்கள், எல்லா மருந்தும் எல்லா மிஷினும் வந்தன. பொட்டாசியம் அவர்கள் கேட்ட அளவுக்கு மேலேயே இருந்தது. ஆனால் இதயம் திரும்பவில்லை. அடக்கத்துக்கு நானும் யெசேனியாவும் போனோம். எமிலியோ எங்களைப் பார்த்ததும் எழுந்து வந்து, வீடு தேடி வந்து பார்த்தீர்களே என்று நன்றி சொன்னார். அவர் என் முகத்தில் காறித் துப்பியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

அடுத்த வாரம் வகுப்பு. யெசேனியா வழக்கமாக முன்வரிசையில் உட்காருகிறவள் கடைசியில் போய் உட்கார்ந்திருந்தாள். அடுத்த குடும்பத்திடம் நான் என்ன சொல்ல வேண்டும் என்று கேட்டாள். வகுப்பே என்னைப் பார்த்தது. பாடத்தில் இல்லாத ஒன்றைச் சொன்னேன். யார் வீட்டுக்குப் போனாலும் முதல் வார்த்தையாக, நாங்கள் உள்ளே இருப்பவர்கள் இல்லை, எங்களால் கதவைத் திறக்க முடியாது என்று சொல்லுங்கள்; அதற்கப்புறம் சாப்பாட்டைப் பற்றிப் பேசுங்கள். அப்படிச் சொன்னால் யார் எங்களை நம்புவார்கள் என்று ஒரு பெண் கேட்டாள். நம்பாமல் இருந்தால் அவர்களுக்கு நல்லது என்றேன். துணை நிற்பது எப்படி என்று சொல்லிக் கொடுக்க வந்தவள், எங்களை நம்பாதே என்று சொல்லப் பழக்குகிறேன். இதுதான் இப்போது என் உத்தியோகம்.

அண்ணனை ஒரு நாள் மூச்சு முட்டி ஆம்புலன்ஸில் தூக்கிக்கொண்டு போனார்கள். அதற்குப் பிறகு ஒழுங்காகப் போகிறார். என் கதைக்கு அதில் பங்கில்லை. காலை முறைக்கு அவர் போய்ப் படுக்கும்போது எனக்கு முந்தைய நாள் சாயங்காலம். கோடையில் இங்கே இருட்ட நேரமாகும், சமையல்கட்டு ஜன்னலில் வெயில் இருக்கும்போதே அவர் தன் ஊரின் மறுநாள் காலையிலிருந்து வீடியோவில் வருவார். போன வாரமும் வந்தார். ஒரு கையில் ஊசி வழியே ரத்தம் ஓடிக்கொண்டிருக்க, மறுகையில் போனைப் பிடித்துக்கொண்டு வார்டைச் சுற்றிக் காட்டினார். மதினி கீழே டீ வாங்கப் போயிருந்தது. முகம் தெளிந்திருந்தது, பேச்சில் பழைய கிண்டல் திரும்பியிருந்தது. திடீரென்று கேட்டார்.

"அந்த வாழப்பழத்து அம்மா எப்புடி இருக்கு ஆத்தா?"

அவர் அதை மறந்திருப்பார் என்று நினைத்திருந்தேன். மதினி நம்பாத கதையை அவர் நம்பியிருக்கிறார். மிஷினில் படுத்திருக்கும் மனிதரிடம், அதே கையும் அதே நோயும் உள்ள ஒருத்தி துணிக் குவியலில் விழுந்து செத்துவிட்டாள் என்று எப்படிச் சொல்வது? இருக்காகண்ணே என்றேன்.

"எனக்குப் பக்கத்துப் பெட்டு இன்னைக்குக் காலியாத்தான் கெடக்கு" என்று போனை அந்தப் பக்கம் திருப்பினார். பச்சை விரிப்பு போட்ட கட்டில், தலைமாட்டில் ஓடாத மிஷின். "பேசாம அந்தப் பொம்பளய இங்கிட்டு அனுப்பிவிட்ரு. இங்க பழமெல்லாம் திங்கச் சொல்ல மாட்டாக. வந்து படுத்தாப் போதும்."

"கார்டு கேப்பாகளேண்ணே."

"கேட்டா எங்க வீட்டுப் பிள்ளன்னு சொல்லிக்கிறலாம். கார்டுல ஒன் எடம் சும்மாதானே கெடக்கு."

அவர் கேலியாகச் சொல்லவில்லை. குத்திக் காட்டவும் இல்லை. இருக்கிற ஒரு வசதியைச் சொன்னார், அவ்வளவுதான். காலியான கட்டில் இன்னும் திரையிலேயே இருந்தது. கேட்டுச் சொல்கிறேன் அண்ணே என்றேன்.